மூன்று முறை வாசிக்கவும்

பேருந்து நிலையத்தின் நட்டநடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்கு ‘அறிவிப்பு மையம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மைக், சுற்றுவதைவிட அதிகமாக முனகும் ஒரு மின்விசிறி, அப்புறம் ஒரு பெண்மணி. இதில் மையம் எது என்று யாரும் கேட்டதில்லை. மழை பிடித்ததிலிருந்து கூண்டின் கதவு ஊதிப்போய், உள்ளிருந்து இழுத்தால் வராது என்று அடம்பிடித்தது. வெளியிலிருந்து யாராவது ஓர் உதை விட வேண்டும். அந்தப் பெண்மணி புகார் எழுதிக் கொடுத்தாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கதவு இன்னும் கொஞ்சம் ஊதிக்கொண்டது.

நிலையத்தில் அவளை எல்லோரும் ‘ரேடியோ அக்கா’ என்றார்கள். வருஷக்கணக்கில் கண்ணாடி வழியாகத் தினமும் பார்த்தவர்களுக்கும் அவள் முகம் ஞாபகத்தில் நிற்காது. குரல் மட்டும் நிற்கும். எந்த அறிவிப்பையும் மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பது விதி. முதல் முறை, காது கொடுத்துக் கேட்பவர்களுக்கு. இரண்டாவது, ஏதோ சொன்னார்களே என்று நிமிர்ந்தவர்களுக்கு. மூன்றாவது, பக்கத்திலிருப்பவரிடம் ‘என்ன சொன்னாங்க?’ என்று கேட்டு அதையும் கெடுத்துக்கொள்பவர்களுக்கு. குழந்தை தொலைந்தாலும், பெட்டி தொலைந்தாலும், மயங்கி விழுந்தவரின் உறவினரைத் தேடினாலும், ஒரே குரல், ஒரே ஏற்ற இறக்கம். மைக் முன்னால் அவள் சொல்லக் கூசிய செய்தி இதுவரை இல்லை. கூண்டை விட்டு வெளியே வந்தால், வரிசையில் முந்துகிறவனைப் பார்த்து ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்று சொல்லக்கூட வாய் வராது.

நிலைய மேலாளருக்கு ‘திருத்தம்’ என்று பெயர். அதாவது அவர் முதுகுக்குப் பின்னால். பச்சை மசிப் பேனாவும் கையுமாகத்தான் பிறந்தார் என்று பேச்சு. ‘கழிப்பறை’ என்ற பலகை நாகரிகமாக இல்லை என்று ‘ஒப்பனை அறை’ என்று மாற்றிய பெருமை அவருடையது. அவசரமாக இறங்கிய பயணிகள் இந்த நிலைமையில் யாருக்கு ஒப்பனை வேண்டும் என்று சுவரோரம் ஒதுங்கினார்கள். சுவரைக் கழுவ ஓர் ஆளை நியமித்தார் மேலாளர். அந்த ஆளின் பதவிக்குப் பெயர் சூட்டுவதில் ஒரு வாரம் போயிற்று.

வட்டார அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்ததும் மேலாளருக்குப் பெண்கள்மேல் திடீரென்று அக்கறை பிறந்தது. ‘மகளிர் நல விழிப்புணர்வு வாரம்’ என்று பதாகை அடிக்கச் சொன்னார். மருத்துவமனையில் பெண்களைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஒலிபரப்ப ஒரு பக்கம் எழுதி வாங்கிவரச் செய்து, ‘ஒத்திகை பார்த்து வை’ என்று ரேடியோவிடம் கொடுத்தார்.

அவள் மைக்கை அணைத்துவிட்டு வாசித்தாள்.

“பெண் பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மார்பிலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, மார்புத் தோலில் குழி விழுதல்...”

குரல் நின்றது. இத்தனை வருஷத்தில் பாதி வாக்கியத்தில் அது நின்றதே இல்லை. சொந்த வண்டி நடுரோட்டில் நின்றதுபோல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மழை தொடங்கிய சமயம், தலை பின்னக் கையைத் தூக்கியபோது கண்ணாடியில் பார்த்தது. இடது பக்கம், கீழே. சோபா மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்த இடம் உள்ளே அமுங்கியிருக்குமே, அதுமாதிரி ஒரு சின்னக் குழி. கையை இறக்கினால் இல்லை, தூக்கினால் இருந்தது. உள்ளாடைக் கம்பி அழுத்தியிருக்கும் என்றாள். ஒருக்களித்துப் படுத்ததால் இருக்கும் என்றாள். கடைசியில் ரசம் போன கண்ணாடிமேல் பழியைப் போட்டாள். வலித்திருந்தால் பயந்திருப்பாள். வலிக்காத ஒன்றுக்குப் போய் யாரிடம் என்னவென்று சொல்வது?

தாளில் மீதியும் இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, அதிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது, ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது, தோல் சிவந்து தடிப்பது. விரல்களைச் சேர்த்து வைத்து எப்படி அழுத்திப் பார்ப்பது என்றும் எழுதியிருந்தது. இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். வயது ஏற ஏற ஆபத்து கூடும். ரத்த உறவில் யாருக்காவது வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் எது, எது அல்ல என்பதை வீட்டிலிருந்தபடி நீங்களே முடிவுசெய்ய முடியாது.

கடைசி வரியை டாக்டரம்மா இவளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருந்தது. எழுந்து கதவை இழுத்தாள். வரவில்லை.

மத்தியானம் மேலாளர் அறையில் கூட்டம். கணக்கரும் நேரக்காப்பாளரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் பதாகைச் சுருள் உட்கார்ந்திருந்ததால் ரேடியோ நின்றாள்.

“எல்லாம் சரி. ‘மார்பு’ன்னு வருதே...” என்றார் மேலாளர். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் குரலைத் தணித்தார், அது அடுத்த அறையில் இருந்து ஒட்டுக்கேட்பதுபோல.

“குடும்பத்தோட வர்ற இடம் சார்,” என்றார் நேரக்காப்பாளர்.

“குழந்தைங்க வேற இருக்கும்,” என்றார் கணக்கர்.

குழந்தைகளுக்கு அந்த விஷயத்தில் இவர்கள் எல்லோரையும்விட அண்மைக்கால அனுபவம் உண்டு என்பது அறையில் யாருக்கும் தோன்றவில்லை. பச்சைப் பேனா இறங்கியது.

“நெஞ்சுன்னு போடலாமா சார்?”

“நெஞ்சுன்னா மாரடைப்புன்னு நெனச்சுப்பாங்கய்யா. பத்துப் பேரு படுத்துருவான்.”

“மேல் உடம்பு?”

“எவ்வளவு மேல? தலை வரைக்குமா?”

“அப்ப வெறும் உடல்னு போட்டுருங்க சார். அதுக்குள்ளதானே எல்லாம் இருக்கு.”

இந்த ஞானத்தை மேலாளர் மெச்சினார். ‘காம்பு’ என்ற சொல் செடிகொடிகளுக்கு மட்டுமே உரியது என்று தீர்ப்பாகி, அதன்மேல் பேனா இரண்டு தடவை ஓடியது. கட்டி என்றால் பயப்படுவார்கள். ரத்தம் என்றால் மயங்குவார்கள். புற்றுநோய் என்றால் அபசகுனம். அதிகாரி வரும் நாளில் அது எதற்கு? வெட்ட வெட்டத் தாள் பச்சைப் புல்வெளியானது.

“ரொம்பச் சின்னதா ஆயிருச்சே சார்,” என்றார் கணக்கர்.

“பிக்பாக்கெட் அறிவிப்பையும் இதோட சேர்த்துடலாம்,” என்றார் நேரக்காப்பாளர். “ஒரே மூச்சுல முடிஞ்சிரும்.”

இப்படியாகத்தான் அந்த இறுதி வடிவம் பிறந்தது: ‘பெண் பயணிகளின் கனிவான கவனத்திற்கு. உங்கள் உடலையும் உடைமைகளையும் விழிப்போடு கவனித்துக்கொள்ளுங்கள்.’

மேலாளர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துச் சொக்கிப்போனார். “எல்லாமே இதுல வந்திருச்சு, இல்ல?”

கூட்டம் கலைகிற நேரம் ரேடியோ மெல்ல ஆரம்பித்தாள். “சார், நாளைக்குக் காலையில மட்டும் எனக்கு லீவு வேணும்.” டாக்டரம்மா காலையில் மட்டும்தான் பார்ப்பார். காலை முழுக்க இவள் கூண்டில். மாற்று அறிவிப்பாளர் பிரசவ விடுப்பில் போயிருந்தாள்.

“நாளைக்கா? அதிகாரி வர்ற நாள்! காரணம்?”

“உடம்பு சரியில்ல சார்.”

“குரல் கணீர்னு இருக்கே.”

அந்த நிலையத்தில் அவளுக்குச் செய்யப்படும் ஒரே மருத்துவப் பரிசோதனை அதுதான்.

“குரல் இல்ல சார். வேற...”

“வேற என்னம்மா? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?”

மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். இப்போதுதான் பச்சை மசியால் நாடு கடத்தப்பட்ட சொல் அது; அதை அவர்கள் முன்னால் எங்கிருந்து கொண்டுவருவது? அவள் மேஜையைப் பார்த்தாள்.

“பாத்தியா, ஒண்ணுமில்ல. வாரம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம். நீயே இல்லன்னா நம்ம பெண்களுக்கு விழிப்புணர்வு யாரு குடுப்பா, சொல்லு?”

சாயங்கால நெரிசல் தொடங்குமுன் கூண்டிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“ஏம்மா, சித்திக்கு என்ன வந்துச்சு?”

“எந்தச் சித்திக்கு?”

“செத்துப்போன சித்திக்கு.”

“திடீர்னு என்னடி இப்ப? வயித்துல கட்டின்னு அப்பவே சொன்னோமே.”

“சொன்னீங்க. வந்தது என்ன?”

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று தேவையில்லாமல் இடம் மாறியது. “வயித்துக்குக் கொஞ்சம் மேல.”

“எவ்வளவு மேல?”

“ஏண்டி படுத்துற? அங்க மைக்கு கிக்கு ஓடுதா?”

“அணைச்சிருக்கேன். சொல்லும்மா.”

“மார்லதான்,” என்றாள் அம்மா, யாரையோ காட்டிக்கொடுப்பதுபோல. “ஒரு வருஷம் துணியால மூடி மூடி வச்சிருந்தா. சூட்டுக் கொப்புளம்னா. நாங்களும் நம்பினோம். அப்ப உனக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருந்தோம்ல? குடும்பத்துல இப்படி ஒண்ணுன்னு வெளிய தெரிஞ்சா உன்ன யாரு கட்டிப்பா? உனக்காகத்தாண்டி மறைச்சோம்.”

“சித்திக்கு அப்ப என்ன வயசு?”

“உன் வயசு இருக்கும்.” பிறகு, “ஏண்டி கேக்குற?” என்று வேறு குரலில் வந்தது.

“அறிவிப்புக்காக,” என்றாள் ரேடியோ. பொய்யும்கூட அவளுக்குக் கணீரென்றுதான் வந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யார் எந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் அழைப்பு வரும். நல்ல மனிதர், ஆனால் அவரிடம் சொல்வது ஒருத்தரிடம் சொல்வதாகாது. வீட்டில் இரண்டே அறை. முன்னறையில் மாமியாரின் ஒரு காது டிவியில் இருக்கும், மறுகாது இந்தப் பக்கம். அந்தக் காதுக்குப் போனது நாத்தனாருக்குப் போகும். நாத்தனாருக்குப் போய்விட்டால் ஒலிபெருக்கியே தேவையில்லை.

சாப்பிடும்போது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆரம்பித்தார். “இன்னிக்கு ஒரு காலேஜ் பிரின்சிபால் மாட்டிக்கிட்டாரு. உள்ள மணி இருக்கு, அமுக்கல. அமுக்குனா பசங்களுக்குத் தெரிஞ்சிருமாம்! நான் வேற வேலையா அந்தப் பக்கம் போய்த் தொறக்குறேன், மனுஷன் கையில புத்தகத்தை விரிச்சு வச்சிக்கிட்டு நிக்கிறாரு. ‘ஒண்ணுமில்லப்பா, அமைதியா படிக்கலாம்னு நின்னேன்’ங்குறாரு. உள்ள லைட்டே எரியல!”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. முன்னறையிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. டிவியில் அப்போது விளம்பரம்.

“எனக்கு அதுதான் புரிய மாட்டேங்குது,” என்றார் அவர். “மாட்டுனா மணியடிக்க வேண்டியதுதானே. நான் என்ன கேக்கப் போறேன்? ஏன் ஏறின, எப்படி மாட்டுனன்னா? எந்த மாடி? அது ஒண்ணுதான் கேப்பேன். சொன்னா வந்துருவேன்.”

“என்னங்க,” என்றாள்.

“ம்?”

முன்னறையில் டிவியின் சத்தம் குறைந்தது.

“...தண்ணி ஊத்தவா?”

குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள், அழுவதற்கல்ல, சும்மா ஒரு சத்தம் இருக்கட்டும் என்று. தாளில் எழுதியிருந்தபடி விரல்களை விரிக்காமல் சேர்த்து வைத்து அழுத்தினாள். குழிக்கு அடியில் கெட்டியாக ஒன்று இருந்தது. தள்ளினால் நகரவில்லை. இத்தனை நாள் தன்னோடு குடியிருந்த ஒன்றை, முகவரி தெரிந்தும், இன்றுதான் கதவைத் தட்டிப் பார்க்கிறாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். பதாகையில் பெண் படம் போட்டால் ஏதாவது சிக்கல் வரும் என்று உதயசூரியனைப் போட்டிருந்தார்கள். சூரியனுக்கு முன்னால் நின்று எல்லா ஆண்களும் படம் எடுத்துக்கொண்டார்கள். கைகாட்டியதும் ரேடியோ மைக்கைத் திறந்து உடலையும் உடைமைகளையும் மூன்று முறை வாசித்தாள். கைதட்டல். அதிகாரியை அழைத்துக்கொண்டு எல்லோரும் தேநீருக்குப் போனார்கள்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கையில் பெரிய பையோடு ஒரு பெண், வயது இவளையொத்திருக்கும்.

“ஏங்க, உடைமையக் கவனிச்சிட்டேன். உடம்புல எதைக் கவனிக்கணும்? அதைச் சொல்லவே இல்லையே?”

கண்ணாடியின் ஓட்டை வழியாகச் சொல்கிற சேதியா இது?

“மூணு தடவை சொன்னீங்க, மூணு தடவையும் சொல்லல,” என்றாள் அந்தப் பெண். “வண்டி எடுத்துருவாங்க, சீக்கிரம் சொல்லுங்க.”

“கதவை ஒரு உதை விடுங்க,” என்றாள் ரேடியோ.

“என்னது?”

“உள்ளேருந்து திறக்க வராது. உதைங்க.”

அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு, யார்மேலோ இருந்த பழைய கோபத்தையெல்லாம் சேர்த்து உதைத்தாள். கதவு சுவரில் போய் மோதியது. பச்சை மசி வெட்டிய அத்தனையும் ரேடியோவுக்கு மனப்பாடம். கூண்டு வாசலில் நின்று, கட்டியிலிருந்து காம்பு வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். பக்கத்தில் காத்திருந்த இரண்டு பெண்கள் அவரவர் பையைப் பார்ப்பதுபோல் பார்த்தபடி இந்தப் பக்கம் காதைத் திருப்பினார்கள்.

“இவ்வளவுதானா?” என்றாள் அந்தப் பெண். “இதைச் சொல்லவா மைக்குக்கு வெக்கம்?” வண்டி ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். அடுத்த வண்டி கிளம்ப இன்னும் நேரமிருந்தது. ரேடியோ கூண்டுக்குள் திரும்பவில்லை.

மேலாளர் அறையில் அதிகாரி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, கூண்டை விட்டுட்டு?”

“லீவு வேணும் சார். இப்பவே.”

மேலாளர் அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தார். இங்கே எல்லாம் முறைப்படிதான் நடக்கும் என்று காட்ட நல்ல சந்தர்ப்பம். “காரணம் சொல்லும்மா. காரணம் இல்லாம எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?”

‘சார், எனக்கு’ என்று தொடங்கினாள், மேலே வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எதிர்ச் சுவரின் கடிகாரத்தை மைக்காக நினைத்துக்கொண்டாள்.

“அலுவலர்களின் கனிவான கவனத்திற்கு. அறிவிப்பாளரின் இடது மார்பில் தோல் குழி விழுந்துள்ளது. அதன் அடியில் வலியில்லாத கட்டி ஒன்று உள்ளது. அவருடைய சித்தி மார்புப் புற்றுநோயால் இறந்தவர். எனவே அறிவிப்பாளர் இன்று காலை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.”

பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. கணக்கர் கால்குலேட்டரை எடுத்து எதையோ அவசரமாகக் கூட்டத் தொடங்கினார்.

“அலுவலர்களின் கனிவான கவனத்திற்கு...”

“புரிஞ்சுது, புரிஞ்சுதும்மா!” மேலாளர் பேனாவைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. இரண்டாம் வாசிப்பு, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், மார்பைக் கடந்து சித்தியைக் கடந்து முடிந்தது. அவர் கையெழுத்தைக் கிறுக்கி நீட்டினார். “இந்தா. போதும். மூணாவது வேணாம்.”

“விதி சார்,” என்றாள் ரேடியோ. மூன்றாவது முறையும் வாசித்தாள்.

அந்தத் தடவை யாரும் குறுக்கிடவில்லை. அதிகாரி மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார், “போய்ட்டு வாங்கம்மா.” பிறகு மேலாளரிடம், “அறிவிப்புக்கு ஆள் இல்லன்னா நீங்களே போய் உட்காருங்க,” என்றார்.

நிலைய வாசலை அவள் தாண்டும்போது ஒலிபெருக்கி கனைத்தது. “பயணப் பெருமக்களின் மேலான... ஹலோ... கனிவான...” வண்டிகளின் பெயரை விட்டுவிட்டு முன்னுரையையே திருத்திக்கொண்டிருந்தது. சற்று நேரம் கண்ணாடி அதிரும் சத்தம். அப்புறம், “யாராவது இந்தக் கதவை...” என்று ஒருமுறை கேட்டது. ஒரே ஒருமுறை சொன்னால் யார் காதில் விழும்?

அதைக் கேட்டு அவளுக்கு வந்த சிரிப்பு மருத்துவமனை வாசல்வரைக்கும் தாங்கவில்லை.

டாக்டரம்மா விரல்களால் பார்த்தார்; அக்குளில் பார்த்தார்; கையைத் தூக்கச் சொன்னார், இடுப்பில் வைத்து அழுத்தச் சொன்னார்.

“எப்பலேருந்து?”

“மழை ஆரம்பிச்சப்போ பார்த்தேன்.”

“மழையே முடிஞ்சிருச்சே,” என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “வீட்டுல யாருக்காவது?”

“சித்திக்கு. மார்புல.” கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ இல்லாமல் சரியான இடத்தில் வைத்தாள்.

“நிறைய பேருக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும். உங்களுக்கு அப்படிச் சொல்லி அனுப்ப மாட்டேன். குழியும் இருக்கு, சித்தியும் இருக்காங்க. படம் எடுக்கணும், ஸ்கேன் பார்க்கணும், ஊசியில கொஞ்சம் சதை எடுத்து அனுப்பணும். இன்னிக்கே ஆரம்பிப்போம். கூட யாரு வந்திருக்கா?”

“யாருமில்ல.”

“ஒருத்தர வரச் சொல்லுங்க.”

பின்பக்கம் கயிறு கட்டுகிற அங்கியை மாட்டிவிட்டு, நர்ஸ் அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, “கூப்பிடுற வரைக்கும் வெளிய வராதீங்க” என்று கதவைச் சாத்தினாள். ஒரு நாற்காலி, ஒரு மேஜை. மைக் இல்லை. இந்தக் கதவு நன்றாகத்தான் திறக்கும். திறந்து எங்கே போவது? உள்ளே இருப்பதும் கூடவே வரும். வெளியில் யார் உதைத்தாலும் இதில் நடக்கப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. அங்கியின் கயிறு முதுகில் எட்டாத இடத்தில் அவிழ்ந்து தொங்கியது.

போனை எடுத்து வீட்டுக்காரரை அழைத்தாள்.

“என்ன, இந்த நேரத்துல? டியூட்டி இல்ல?” எங்கோ பின்னணியில் இரும்பு தட்டும் சத்தம்.

“என்னங்க...” தண்ணி ஊத்தவா என்ற கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். “லிஃப்ட் மெக்கானிக்கின் கனிவான கவனத்திற்கு.”

“இது என்ன விளையாட்டு?” என்று சிரித்தார்.

அவள் வாசித்தாள். குழி, கட்டி, சித்தி, ஊசி. பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது. இரும்பு தட்டும் சத்தமும் நின்றது. வாசித்து முடித்தபின் அவளுடைய மூச்சுதான் அவளுக்குக் கேட்டது. காதில் விழுந்ததா, விழவில்லையா? விதிப்படி இரண்டாவது முறைக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“எந்த மாடி?” என்றார் அவர்.

“ரெண்டாவது,” என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியாமல் கரகரத்தது. “இங்க லிஃப்ட் ஓடல. படியேறி வாங்க.”